மைக்கைக் கழட்டி டிராயர்ல வை

அட, உங்க மீட்டர் மேல தப்பு இல்ல தம்பி. நீங்க காலேஜுக்கு எடுத்த இந்த சிக்னல் ஜெனரேட்டர்லதான் அவுட்புட் கம்மி. நேத்தே பாத்துட்டேன். இதக் குடுத்த முத்துத்தாய்ட்ட இதப்பத்தி ஏதும் கேட்டீகளா? கேக்கலயே? அப்பாடா. உக்காருங்க, டீ சொல்றேன்.

முத்துத்தாய் எனக்குத் தங்கச்சி முறை. செத்துப்போன அருள்பாண்டி எனக்கு மாப்ள. ரத்த உறவெல்லாம் இல்ல, ரேடியோவுல புடிச்ச உறவு. அவன் சோழவந்தான்ல, நான் இங்க பசுமலையில. ரெண்டு பேருக்கும் வீட்ல இருந்தே பேசுற ஹாம் ரேடியோ லைசென்ஸ் உண்டு. தெனம் காலையில ஏழு மணிக்கு செட்டுல கூப்பிடுவான். ஏன்டா, போன்ல பேசுனா ஆகாதான்னா, போன்ல எவன் வேணாலும் பேசுவான்டா மாப்ளம்பான். திமிரு பிடிச்ச பய.

ரேடியோ செட்டைச் சோதிக்கத் துளி சிக்னல் விடுற இந்த ஜெனரேட்டர் கதைக்கு வாரேன். முதல்ல நானும் கேபிளத்தான் சந்தேகப்பட்டேன். மாத்திப் பாத்தேன், அதே கதை. அம்புட்டுப் பழசாச்சே, வால்வு செத்திருக்கும்னு அதையும் மாத்துனேன். ம்ஹூம். உள்ள இருக்க மீட்டர்ல முள்ளு ஜம்முன்னு நிக்குது, வெளிய வர்ற எடத்துல உசுரே இல்ல. அப்ப கோளாறு நடுவுல இருக்க அட்டனுவேட்டர்ல. சிக்னலை வேணுங்கிற அளவுக்குக் கொறச்சு அனுப்புற பொட்டி. தெறந்தா, இந்தா பாருங்க, ரெசிஸ்டர் கரியாக் கெடக்கு.

பழசானா கருகாது தம்பி. இதுல போறதே கொசு சத்தம் மாதிரி சிக்னல், அதுல எங்கிட்டுக் கருக? வெளிய இருந்து பவர் உள்ள வந்து அடிச்சிருக்கு.

எப்படின்னா, செட்டை டெஸ்ட் பண்றப்ப ஆன்டெனா வயரைக் கழட்டிட்டு, அந்த எடத்துல ஜெனரேட்டர் வயரைச் சொருகுவோம். அந்நேரம் மைக்ல பேசிட்டா செட்டோட நூறு வாட் பவரும் இதுக்குள்ள வந்து எறங்கிரும். பேச்சு ரூமைத் தாண்டாது. அதனால அருள்பாண்டி மொதக் காரியமா மைக்கைக் கழட்டி டிராயர்ல வச்சிருவான். நான் ஒருநா மறந்துட்டேன், என்னா வசவு வஞ்சான் தெரியுமா!

போன மாசியில ஒருநா, விடியவுமே டெஸ்ட் பண்ண உக்காந்திருக்கான். தங்கச்சி வெத்தலைய மண்டிக்குக் கொண்டு போயிருச்சு. அவன் போனு அடுப்படியில சார்ஜ்ல கெடந்துச்சு. தங்கச்சி திரும்பி வந்து பாத்தா, மேசையில தலை சாஞ்சு கெடக்கான். கையில மைக்கு. நெஞ்சுவலி, ஒரு நொடியில போயிருக்கும், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த ஒத்த வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுத்தான் அது இன்னைக்குச் சோறு திங்குது. போறவங்க வாரவங்க எல்லார்ட்டயும் சொல்லும், எங்க வீட்டுக்காரரு கஷ்டப்படாமப் போயிட்டாருண்ணேன்னு.

மத்த சாமானைப் பாக்க சாயங்காலம் அங்க போவீகல்ல? இது ஏன் கெட்டுச்சுன்னு கேட்டா, பழசாயிருச்சும்மான்னு சொல்லிருங்க. உங்க கால்ல வேணா விழுறேன். புது ரெசிஸ்டர் நான் போட்டுத் தாரேன், உங்க காலேஜுக்கு நல்லா ஓடும்.

என்னது, தெரியாம மைக் பட்டன்ல கை பட்டிருக்குமா? நானும் அப்படித்தான் மனசைத் தேத்திப் பாத்தேன். ஆகல தம்பி. டிராயரைத் தெறந்து மைக்கை எடுத்து மாட்டியிருக்கான். ஆன்டெனா வயரை மாத்தத்தான் அந்த வலியில புத்தி ஓடல. அதோட அவன் செட்டுல சும்மா பட்டனை அமுக்குனா பவர் கெளம்பாது, வாயத் தெறந்து பேசுனாத்தான் கெளம்பும். இதுல ஒரு ரெசிஸ்டர் மட்டும் இல்ல, வரிசையாக் கருகிக் கெடக்கு. விட்டு விட்டு ரொம்ப நேரம் கூப்பிட்டிருக்கான்.

யாரையா? காலையில ஏழு மணிக்கு வேற யாரைக் கூப்பிடுவான்? நானும் செட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வச்சு, டீயும் கையுமாத்தான் உக்காந்திருந்தேன். கொர்ருன்னு இரைச்சல் மட்டும் வந்துச்சு. மாப்ள இன்னும் எந்திரிக்கல போலன்னு அணைச்சுட்டு வேலையப் பாக்கப் போயிட்டேன்.

டீ ஆறுது பாருங்க, குடிங்க.