நான்காம் மாடியில் கிடைத்த படச்சுருள் குறித்து

நான் புகைப்படக் கல்லூரி ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. பெயரையும் வீட்டு முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். காணாமல் போன மாணவி இரண்டு ஆண்டுகளாக என் வகுப்பில் படிக்கிறார். உயரமாக இருப்பதால் உடன் படிப்பவர்கள் அவரை நெட்டை என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டு வந்தேன். ஆறு வயதில் தாயை இழந்தவர், பெரியம்மா வளர்ப்பில் இருப்பவர் என்று சேர்க்கைப் படிவத்தில் உள்ளது.

சென்ற திங்கட்கிழமை ஒன்பது மாணவர்களை மூன்று நாள் பயணமாக இந்நகரத்துக்கு அழைத்து வந்தேன். முதல் நாள் அருங்காட்சியகமும் ஆற்றுப் பாலமும் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மணிக்கூண்டுப் படிக்கட்டில் மாணவர்கள் படம் எடுத்தார்கள். அதன் பின்னர் மதியம் இரண்டு மணியளவில், ஒரு பழைய குடியிருப்பின் தரைத்தளத்தில் புகைப்படக் கண்காட்சி என்று பலகை இருந்ததைப் பார்த்து உள்ளே போனோம். காவலாளி தவிர எவரும் இல்லை.

சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள் மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே சிறுமி. எல்லாமே தூரத்தில் நின்று, பின்பக்கமாக எடுத்தவை. முதல் படத்தில் ஆறு வயது இருக்கும். போகப் போக வளர்கிறாள். வெளிச்சம் எப்படி விழுகிறது என்று மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன், "மேடம், இது நம்ம நெட்டை மாதிரியே இல்ல? நடையப் பாருங்க" என்றான். எல்லோரும் சிரித்தோம். நெட்டை சிரிக்கவில்லை. ஒரு படத்தில் சிறுமியின் இடது கையில் மாவுக்கட்டு இருந்தது. அதன் அருகில் போய், "அஞ்சாவது படிக்கறப்போ விழுந்தேன். இது எங்க வீட்டு கேட்டு" என்றார்.

அதன் பின்னர் காவலாளியை விசாரித்தேன். நான்காம் மாடியில் தனியாக வாடகைக்கு இருந்த பெண்மணி எடுத்த படங்கள் என்றும், அவர் ஜனவரியில் இறந்துவிட்டார் என்றும், படங்களைக் கேட்டு யாரும் வராததால் வீட்டு உரிமையாளர் இங்கே மாட்டச் சொன்னார் என்றும் தெரிவித்தார். "நானும் இன்னொருத்தரும்தான் மேடம் அந்தம்மாவக் கீழ தூக்கிட்டு வந்தோம். கனமே இல்ல" என்றார். மொத்தம் நாற்பது படங்களைத் தன் கையாலேயே மாட்டியதாகச் சொன்னார். நான் எண்ணியபோது நாற்பத்தொன்று இருந்தது. கடைசிப் படம் மணிக்கூண்டுப் படிக்கட்டு. அன்று காலை நாங்கள் உடுத்தியிருந்த உடைகளோடு நாங்கள் பத்துப் பேரும் அதில் இருந்தோம். நெட்டை மட்டும் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பின்னர் பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். விவரம் சொன்னேன். "மொதல்ல அவள வெளிய கூட்டிட்டு வாங்க. யாராவது கூப்பிட்டா திரும்பிப் பாக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். அப்படியே சொன்னேன். அதற்கு நெட்டை, "காலைலயே படிக்கட்டுல கூப்பிட்டாங்க, திரும்பிட்டேன் மேடம். எங்கம்மா மட்டும் கூப்பிடற பேரு அது" என்றார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு விடுதியில் நெட்டை, லென்ஸ் மூடியைக் கண்காட்சியில் விட்டுவிட்டதாகவும் பத்து நிமிடத்தில் வருவதாகவும் சொன்னார். நான் ஊர் திரும்பும் பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா அவ்வளவு சொல்லியும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சீக்கிரம் வா" என்றேன். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன்.

அதன் பின்னர் அவர் திரும்பவில்லை. எட்டு ஐந்துக்கு அவர் அந்தக் கட்டடத்துக்குள் போவது தெருக் கேமராவில் பதிவாகியுள்ளது. வெளியே வந்தது பதிவாகவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு காவல் ஆய்வாளர் முன்னிலையில் நான்காம் மாடிக் கதவின் பூட்டை உடைத்தார்கள். தரையில் தூசி கலையாமல் இருந்தது. இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. சன்னலோரம் தாங்கியில் ஒரு பழைய கேமரா, அறையின் உட்புறம் பார்த்து நின்றது.

அதன் பின்னர், அதிலிருந்த படச்சுருளைக் கழுவித் தரும்படி ஆய்வாளர் கேட்டுக்கொண்டதால், அவர் பக்கத்தில் நிற்க நானே கழுவினேன். முப்பத்தைந்து கட்டங்கள் வெறுமையாக இருந்தன. முப்பத்தாறாவதில் நெட்டை அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார். கை எட்டும் தூரத்திலிருந்து எடுத்த படம். அந்தக் கேமராவில் தானாகப் படமெடுக்கும் வசதி கிடையாது. யார் எடுத்தது என்று கேட்டதற்கு, தெரியாது என்றே சொல்கிறேன்.

வியாழக்கிழமை பெரியம்மா வந்தார். "என் தங்கச்சி அப்போ சாகல. அவ கூப்பிட்டா இவ போயிடுவா. அதனாலதான் செத்துட்டான்னு சொல்லி வளத்தேன்" என்று ஆய்வாளரிடம் சொன்னார். தங்கையை ஏன் விலக்கினீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். அதன் பின்னர் பெரியம்மா அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இப்படிச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாதுங்க. இத நான் வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். வழக்கில் சேர்ந்த பொருள், தர இயலாது என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்குமேல் கூடவோ குறையவோ இதில் ஒன்றுமில்லை. பார்த்ததைச் சொல்லியிருக்கிறேன், புரிந்ததாக எதையும் சொல்லவில்லை.

(ஒப்பம்)
ஆசிரியை