கியர் பெட்டிக்குள்ளே மரப்பொடி

தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ரெண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் இனயத்து மீன்காரர். அவர் மடியில் பல் உடைந்த கியர் சக்கரம் ஒன்று இருந்தது.

"நான் எடுத்த லோடு வண்டிக்க கியர் பெட்டிக்குள்ள மரப்பொடி கெடந்து மக்கா," என்றார் அவர்.

"மரப்பொடியா? எதுக்கு?" என்றார் கூட்டாளி.

"ஆயில்ல கலக்கி விட்டா கொஞ்ச நாளு கியர் சத்தம் கேக்காதாம்."

"வாங்கும்பம் ஓட்டிப் பாக்கலியா?"

"வள்ளத்து எஞ்சின் வாங்குறதுபோல காத வச்சுக் கேட்டேன். சத்தமே இல்ல. எடுத்துட்டேன்."

"ஏலே, வள்ளம் மேடு ஏறவா செய்யும்? லோடு ஏத்தி ஒரு மேட்டுல ஏத்திப் பாத்திருக்கணும்."

"இப்பம் மேட்டுல ரெண்டாம் கியர் நிக்காம தெறிக்கி. வள்ளத்த வித்துல்லா இந்தப் பழைய வண்டிய எடுத்தேன். இனி கடலும் இல்ல, ரோடும் இல்ல."

"மரப்பொடின்னு யாரு கண்டுபிடிச்சா?"

"எனக்க மச்சினன். ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான்லா. நான் வண்டி எடுத்ததே அவனுக்கு நேத்துதான் தெரியும். பெட்டியத் தொறந்ததும் மொகம் வெளுத்துட்டு."

"அவனுக்கு என்னத்துக்கு வெளுக்கணும்?"

"வித்தவனுக்கு மரப்பொடி போட்டுக் குடுத்ததே அவந்தானாம்."

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் எப்போது போனதென்று எனக்குத் தெரியாது.