அஞ்சாவது கோழி

புவனா: நாலுதான் மேயுது அத்தை.

பஞ்சவர்ணம்: எண்ணாத. கோழிய எண்ணுனா ஆவாது.

புவனா: வரப்ப அஞ்சு கொண்டாந்தீங்க. அந்தச் செவலையக் காணோம்.

பஞ்சவர்ணம்: பஞ்சாரத்துக்குள்ள கெடக்கு. அடைக்கு உக்காந்திருச்சு.

புவனா: அடைக்கா? சேவலே இல்லாமயா?

பஞ்சவர்ணம்: கோழிக்கு அதெல்லாம் கணக்கில்ல. நெனச்சா உக்காந்துரும். நீ டீயக் குடி, ஆறுது.

புவனா: நேத்து மத்தியானம்கூட கொய்யா மரத்தடியில கெளறிக்கிட்டுத் திரிஞ்சுது.

பஞ்சவர்ணம்: மத்தியானத்துக்கு மேல தோணியிருக்கும்.

புவனா: முட்டை வச்சீங்களா?

பஞ்சவர்ணம்: ரெண்டு... மூணு வச்சேன்.

புவனா: ரெண்டா, மூணா?

பஞ்சவர்ணம்: மாமியாகிட்ட கேக்குற மாதிரியா கேக்குற? போலீஸ் ஸ்டேஷன்ல கூட இதவிடப் பதமாக் கேப்பான்.

புவனா: சரி, நாயி ஜூலிக்கு என்னா? காலையில வச்ச சோறு அப்படியே காயுது. தலையத் தூக்க மாட்டேங்குது.

பஞ்சவர்ணம்: பின்ன... கடையிலேருந்து கோழிக்காலும் தலையுமா வாங்கியாந்து வேக வச்சுப் போட்டு வளத்திருக்க. திடீர்னு மோருஞ்சோறுன்னா எறங்குமா?

புவனா: நிறுத்தச் சொன்னதே நீங்கதான்.

பஞ்சவர்ணம்: ஆமா, சொன்னேன். கோழித் தலையத் தின்னே வளந்த நாயி. உசுரோட ஒரு கோழியப் பாத்தா என்னான்னு நெனைக்கும்? நம்ம சோறு நடந்து வருதுன்னுதான் நெனைக்கும்.

புவனா: நல்லாத்தான் பழக்குனீங்க. நாய் படுத்த சாக்க எடுத்துப் பஞ்சாரத்து மேல போட்டு, அதுக்குப் பக்கத்துலயே நாய்க்குச் சோறு வச்சு...

பஞ்சவர்ணம்: அதோட வாசன இதுக்குப் பழகணும், இதோட வாசன அதுக்குப் பழகணும். ஒங்க கெழட்டு நாயி கருப்பன் மூணே நாள்ல பழகிட்டானே. முதுவு மேல கோழி ஏறி நின்னாக்கூடத் தூங்குறான்.

புவனா: அவனுக்குக் கண்ணு போயி ஒரு வருசமாச்சு. மேல நிக்கிறது கோழியா காக்காயான்னே தெரியாது.

பஞ்சவர்ணம்: தெரியாமயே நல்லவனா இருக்கான். நமக்கென்ன.

புவனா: ஜூலி?

பஞ்சவர்ணம்: அவளும் வழிக்கு வந்துட்டா. இன்னைக்கு எட்டாம் நாளு. இன்னும் ரெண்டு நாளுதானே?

புவனா: ஊருல கோழிக்கெல்லாம் கழிச்சல் நோவு, கொஞ்ச நாள் பெரம்பலூர்ல வச்சிருக்கேன்னு கூடையோட வந்து எறங்குனீங்க. சரின்னேன். பத்து நாளு பாப்போம், நடுவுல ஒரு எறகு பறந்தாலும் கோழி ஊருக்குப் போயிடணும்னேன். நீங்களும் தலையாட்டுனீங்க.

பஞ்சவர்ணம்: கோழி போனா நானும் போவேன்னேன். அதையும் சேத்துச் சொல்லு.

புவனா: சேத்துத்தான் சொல்றேன். எந்திரிங்க, பஞ்சாரத்தத் தூக்கிப் பாப்போம்.

பஞ்சவர்ணம்: அடையில இருக்குறதக் கலைக்கக் கூடாது. முட்டையெல்லாம் கூமுட்டையாப் போயிரும்.

புவனா: சேவல் இல்லாத முட்டை எப்படிப் பாத்தாலும் கூமுட்டைதான்.

பஞ்சவர்ணம்: புவனா... வேணாம் தாயி. வையி...

புவனா: முட்டையக் காணோம்.

பஞ்சவர்ணம்: மூடிரு புள்ள, வெளிச்சம் பட்டா மெரளும்.

புவனா: றெக்கையெல்லாம் மஞ்சளா இருக்கு. வேப்பெண்ணெ வேற நாறுது. இங்க பாருங்க... பல்லு எறங்கியிருக்கு.

பஞ்சவர்ணம்: மேலாகத்தான். தோலுதான் கிழிஞ்சிருக்கு. தண்ணி குடிச்சுது காலையில.

புவனா: எப்ப நடந்துச்சு?

பஞ்சவர்ணம்: நேத்து சாயந்தரம். நீ மாவரைக்க மில்லுக்குக் கெளம்பிட்ட. நான் எப்பவும் போல கோழியத் தொறந்து வுட்டுட்டு, பின்னாடி துணி அலசிக்கிட்டு இருந்தேன். கத்துற சத்தம் கேட்டு ஓடியாந்தா, செவல அவ வாயில கெடக்குது.

புவனா: ஜூலிதான் கட்டிக் கெடந்துச்சே?

பஞ்சவர்ணம்: கழுத்துல சங்கிலி இல்ல. ஆனா ஒண்ணு கேளு. ‘ஜூலி, வுடு’ன்னேன். வுட்டுட்டா. வாய்க்கு வந்தத எந்த நாயி புள்ள வுடும்? வுட்டுட்டுப் போயி கருப்பனுக்குப் பின்னால ஒண்டிக்கிட்டா. அப்பலேருந்துதான் சோறு திங்கல.

புவனா: நீங்க அவளப் புடிச்சுக் கட்டிட்டு, கோழிய ஒளிச்சு வச்சுட்டு, ராத்திரி எங்ககூட உக்காந்து தோசை தின்னீங்க.

பஞ்சவர்ணம்: ரெண்டுதான் தின்னேன்.

புவனா: ஒங்க மவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

பஞ்சவர்ணம்: அவன் சிமெண்டு ஆலையில வெந்து போயி வரான். வந்ததும் வராததுமா கோழிக் கதையா சொல்லுவேன்?

புவனா: எறகு பறந்துருச்சு அத்தை.

பஞ்சவர்ணம்: நாய் மேல தப்பில்ல. மத்தியானம் சோறு வச்சுட்டு நான்தான் திரும்பக் கட்டுனேன். கொக்கிய சரியா மாட்டாம வுட்டுட்டேன் போல. கண்ணும் முன்ன மாதிரி இல்ல...

புவனா: நீங்களா?

பஞ்சவர்ணம்: வேற யாரு? நீ கட்டியிருந்தா ஒழுங்காக் கட்டியிருப்ப.

புவனா: பத்தரைக்கு அரியலூர் பஸ் இருக்கு. அங்கேருந்து ஜெயங்கொண்டம் மாறிக்கலாம்.

பஞ்சவர்ணம்: இன்னைக்கேவா? செவலைக்குக் காயமாவது ஆறட்டுமே.

புவனா: பெரிய மாமாவுக்கு போன் போடுறேன். வண்டி எடுத்துக்கிட்டு ஜெயங்கொண்டத்துல வந்து நிக்கட்டும். ஒங்க பெரிய மவன்தானே, வர மாட்டாரா?

பஞ்சவர்ணம்: போன் போடாத.

புவனா: ஏன்?

பஞ்சவர்ணம்: அங்க இன்னும் கழிச்சல் நிக்கல. கொத்துக் கொத்தா சாவுது.

புவனா: எட்டு நாளா இதையேதான் சொல்றீங்க.

பஞ்சவர்ணம்: எட்டு நாளா அப்படித்தான் சாவுது.

புவனா: இந்நேரம் அந்தூருல ஒரு கோழி மிச்சம் இருக்காதே. நம்பர் எடுத்துட்டேன்.

பஞ்சவர்ணம்: வையி புள்ள அத... வையின்னா. கழிச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

புவனா: அப்புறம்?

பஞ்சவர்ணம்: அண்ணந்தம்பி ரெண்டு பேருக்கும் முந்திரிக்காட்டப் பிரிச்சாங்கல்ல, அன்னைக்கு ராத்திரியே என்னையும் பிரிச்சுட்டான் பெரியவன். நாலு வருசம் நான் வச்சுக் கஞ்சி ஊத்திட்டேன், இனிமே சின்னவன் முறைன்னான். நான் படுக்குற எடத்துல மூட்டைய அடுக்கிட்டான். காலையில கூடையில அஞ்சு கோழியப் போட்டு, இதான் ஒம் பாகம்னு பஸ் ஏத்தி வுட்டுட்டான். வந்து எறங்குனதும் ஒன்கிட்ட எப்படிச் சொல்லுறது? அதான் நோவுன்னேன். இந்தப் பத்து நாளு வில்லங்கம் இல்லாமப் போயிட்டா, கோழியும் கெடக்கட்டும், கெழவியும் கெடக்கட்டும்னு நீயே வுட்டுருவன்னு நெனச்சேன். செவலைய மறச்சதும் அதுக்குத்தான். எனக்குப் போறதுக்கு வூடு இல்ல புவனா. கோழிதான் ஒனக்கு எடஞ்சல்னா, இன்னைக்கே அஞ்சையும் அறுத்துக் கொழம்பு வச்சிடுறேன். நான் மட்டும் இருந்துக்குறேன்.

புவனா: நீங்க வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். ஒங்க பெரிய மருமவ பரிமளா அக்கா போன் பண்ணி, இனிமே ஒங்க பாடுன்னு சொல்லிடுச்சு. இருக்குறதே ரெண்டு ரூம்பு, காலம்பூரா இங்கதானான்னு இருந்துச்சு எனக்கு. நீங்க கொக்கிய ஒழுங்காத்தான் மாட்டியிருந்தீங்க. மில்லுக்குப் போறப்ப நான்தான் அவுத்து வுட்டுட்டுப் போனேன்... இந்தக் காயம் மஞ்சளுக்கு ஆறாது. மாட்டாஸ்பத்திரியில பன்னண்டு மணி வரைக்கும்தான் டாக்டர் இருப்பாரு. செவலையக் கூடையில வைங்க, நான் வண்டிய எடுக்குறேன்.