பேர் பிரிச்ச இரண்டு சட்டை

இந்த மேடையை அலங்கரித்துக்கொண்டிருக்கும் தலைவர், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலை இருந்து பனிக்குள்ளாலை கார் ஓடி வந்த ஓய்வுபெற்ற வேளாண்மைப் பேராசிரியர் சுந்தரராஜன் ஐயா அவர்களே! என்னை அஞ்சு நிமிசத்துக்கு மேலை கதைக்க விடக்கூடாதெண்டு கையிலை மணியோட இருக்கிற எங்கள் கழகச் செயலாளர் றோசலின் அவர்களே! ஒரு சொல் தமிழ் விளங்காமலே எல்லாத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிற அன்புக்குரிய ஜெராட் அவர்களே! முன்வரிசையிலை இருக்கிற, உருத்திரமூர்த்தி அண்ணையின்ட மனுசி சிவமலர் அக்கா அவர்களே! பின்வரிசையிலை இருந்துகொண்டு சாப்பிட ரோல்ஸ் எப்ப வருமெண்டு குசினிக் கதவைப் பாக்கிற பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த அருளம்பலத்தின் வணக்கம்.

எழுதிக்கொண்டு வந்த பேச்சு பொக்கற்றுக்குள்ளை இருக்கு. கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டன். ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்ட ஆளுக்குக் கண்ணாடி இருந்தாலும் ஒண்டுதான், இல்லாட்டிலும் ஒண்டுதான்.

எனக்குத் தெரியும், நீங்கள் ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை. என்ர காலடியிலை இருக்கிற இந்தக் கறுப்புப் பையைத்தான் பாக்கிறியள். ஒரு கிழமையா உங்களுக்கு நித்திரை இல்லை எண்டும் தெரியும். பொறுங்கோ. பேந்து திறக்கிறன். முதல்லை, போன மனுசனைப் பற்றிக் கதைப்பம்.

ஆர் அந்த உருத்திரமூர்த்தி? ஊசியின் வேந்தர்! நூலின் நாயகர்! மொன்றியல் எக்ஸ்போஸ் எண்ட பெரிய பேஸ்போல் டீமின்ட உடுப்பறையிலை பதினைஞ்சு வருசம் குனிஞ்ச தலை நிமிராமல் தைச்ச தையல் திலகம்! இந்தப் பட்டமெல்லாம் நான் குடுத்ததுதான். உயிரோட இருக்கேக்க குடுத்திருந்தால் கத்தரிக்கோலாலை எறிஞ்சிருப்பார்.

அகதியா வந்த புதுசிலை அந்த ஸ்ரேடியத்துக்கு உடுப்புத் தோய்க்கத்தான் போனவர். அந்த அறைக்குப் பொறுப்பா இருந்தவர் இந்த ஜெராட். ஒரு நாள் தையல்காரன் வரேல்லை. முதுகிலை பேர் இல்லாமல் ஒரு சட்டை கிடந்தது. அண்ணை எடுத்தார், தைச்சார். ஜெராட் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, நாளைக்கும் இந்தக் கதிரையிலை இரு எண்டாராம். அந்த "நாளைக்கு" 2004 வரைக்கும் முடியேல்லை.

விளையாட்டு அவருக்கு விளங்கேல்லை. என்னட்டைக் கேட்டார்: "அடிச்சுப்போட்டு ஓடுறாங்கள், சரி. சுத்திச் சுத்தி ஓடி, வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் புள்ளியாம். இதென்னடாப்பா?"

நான் சொன்னன்: "அண்ணை, எங்களுக்கு அது விளங்காது. நாங்கள் வெளிக்கிட்ட ஆக்கள், திரும்பின ஆக்கள் இல்லை."

ஆனா ஒண்டு அவருக்கு நல்லா விளங்கினது. அந்தத் தொழிலிலை ஆக்களை வாங்குவாங்கள், விடுவாங்கள், ஆளுக்கு ஆள் மாத்துவாங்கள். வாங்கினால் சட்டையிலை பேர் தைக்கவேணும். மாத்தினால் பேரைப் பிரிக்கவேணும். காலமை ஒருத்தன், பின்னேரம் வேறொருத்தன், சட்டை அதேதான். தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு ஏப்ரலிலை ஒரு கிழமைக்குள்ளை நாலு பெரிய ஆக்கள் போனவை. பேப்பரெல்லாம் அழுதது. அண்ணை அழேல்லை. தையல் பிரிக்கிற பிளேட்டை எடுத்து நாலு பேரின்ட பேரையும் பிரிச்சார், ஒரு ஓட்டை தெரியாமல்.

பிரிச்ச எழுத்தை என்ன செய்வார்? குப்பையிலை போடுவாரோ? இல்லை! பேரைக் குப்பையிலை போடக்கூடாதெண்டு ஒரு கொள்கை. ஒவ்வொரு எழுத்தா அழுத்தி ஒரு கடித உறைக்குள்ளை போட்டு, போறவன்ட கையிலை குடுப்பார். எத்தினை ஆம்பிளையள், என்னை மாதிரி ரண்டு மடங்கு உடம்புக்காரர், அந்த உறையை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போய் மூக்கைத் துடைச்சவை எண்டு ஜெராட்டைக் கேளுங்கோ. பாருங்கோ, தலையாட்டுறார்.

இனித்தான் பயப்பிடவேண்டிய கதை வருது.

அந்த டீமிலை மூண்டாம் பேஸ் எண்ட மூலையிலை நிண்டு பந்து பிடிக்கிற ஒருத்தன் இருந்தானாம். சண்டைக்காரன். காற்சட்டை இறுக்கம், கொலர் சொறியுது, காலுறையிலை ஒண்டைக் காணேல்லை எண்டு நாளுக்கு நாள் உடுப்பறையிலை நிண்டு கத்துவான். ஒரு நாள் காலமை வந்தான். தோய்ச்ச உடுப்பை வாங்கினான். "மெர்சி, மூர்த்தி" எண்டு, உதவி வாங்கினால் பிரெஞ்சுக்காரர் சொல்லுற அந்தச் சொல்லைச் சொல்லிட்டுப் போனான்.

அண்ணை பிளேட்டை எடுத்தார்.

ஜெராட் பாய்ஞ்சு வந்து கையைப் பிடிச்சாராம். "உனக்கு விசரே? அவன் போறான் எண்டு ஆர் சொன்னது?"

"அவன்தான் சொன்னவன்."

"எப்ப?"

"இப்ப, மெர்சி எண்டான். இருக்கப்போறவன் சண்டை பிடிப்பான், ஜெராட். போறவன்தான் மரியாதையாகிடுவான். போறது அவன்ட மூளைக்குத் தெரியமுதல் வாய்க்குத் தெரிஞ்சிடும்."

பின்னேரம் தொலைபேசி வந்தது. அவனை வேறொரு டீமுக்கு மாத்தியாச்சு.

பேந்து அது எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அண்ணை கையிலை உறையோட நடந்தால் உடுப்பு மாத்திற அறை முழுக்க அமைதியாகிடுமாம். நான் அவருக்கு யமன்ட தையல்காரன் எண்டு பேர் வைச்சனான். சிரிச்சார். அப்ப எனக்கும் சிரிப்பாத்தான் இருந்தது.

2004 மாசியிலை, பதினைஞ்சு வருசமா அந்த நிலவறைக்கு இறங்காத கோட் போட்ட மேலிடத்து ஆக்கள் இறங்கி வந்து, ஒவ்வொரு வேலைக்காரருக்கும் கை குடுத்திட்டுப் போச்சினமாம். அண்ணை வீட்டை வந்தார். சப்பாத்தைக் கழட்டாமலே சொன்னார்: "அருளம்பலம், டீமே போகுது." நான் பகிடி பண்ணினன். அந்த ஆண்டு முடிய வோஷிங்டனுக்குப் போயிட்டுது. இவர் புவாண்ட்-கிளேரிலை ஒரு குடோனுக்குப் பெட்டி ஒட்டப் போனார்.

அங்கை, கன வருசம் கழிச்சு, ஒரு கடையிலை ஒரு நரைச்ச மனுசன் இவரைப் பிடிச்சுக்கொண்டானாம். அந்த மூண்டாம் பேஸ்காரன்! விளையாட்டெல்லாம் முடிஞ்சு, முழங்கால் ரண்டும் போன ஆள். பேர்ஸைத் திறந்து காட்டினான். உள்ளுக்கு அந்த உறை. "ஆறு டீம் என்ர பேரைத் தைச்சுது. அஞ்சு டீம் குப்பையிலை போட்டுது. நீ ஒருத்தன்தான் கையிலை தந்தனி" எண்டானாம். சொல்லுங்கோ, எந்த மந்திரிக்கு இப்பிடி ஒரு மரியாதை கிடைக்கும்?

ஒண்டை மட்டும் மனசிலை வைச்சிருங்கோ. ஒருத்தன் போறான் எண்டுதான் அண்ணைக்குத் தெரியும். எங்கை போறான் எண்டு அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

சரி, எங்கட கதைக்கு வருவம். நோத்ர-டாம்-த-கிரேஸ் பூங்காவிலை, ஞாயிற்றுக்கிழமைகளிலை, பெரிய பந்தை மெதுவா எறிஞ்சு விளையாடுற எங்கட மூத்தோர் கழகம். தொடங்கேக்க பதினாலு பேர். இப்ப? ஒருத்தரை பிராம்ப்டனிலை மகன் கூப்பிட்டார். ஒருத்தரை ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரிலை மகள். ரொறன்ரோக்காரர் எங்களிட்டை ஒவ்வொருத்தரா வாங்கினம். பதிலுக்கு ஒரு ஆளைத் தரமாட்டினம்! இதென்ன வியாபாரம்?

போற ஒவ்வொருத்தருக்கும், அவர் வாய் திறக்கமுதல், அண்ணை உறையைக் குடுத்தார். எங்களோட விளையாடின, அக்னெஸின்ட புருசன் ஞாபகம் இருக்கே? வாய் ஓயாத மனுசன். திடீரெண்டு பந்து பொறுக்கித் தந்தவைக்கெல்லாம் மெர்சி, மெர்சி. அண்ணை உறையைக் குடுத்தார். நாங்கள் எல்லாரும் கேட்டம்: "என்ன, ஏஜாக்ஸுக்கு மகளிட்டையோ? எப்ப பயணம்?" அந்த மனுசன் முழிச்சுது. பத்து நாளிலை பயணம் போச்சுது. ஏஜாக்ஸுக்கு இல்லை.

அதுக்குப் பிறகு நாங்கள் அந்த உறையைப் பற்றிப் பகிடி விடேல்லை.

அண்ணையோட சேத்துப் பத்துப் பேர் மிஞ்சினம். இப்ப ஒன்பது. பூங்காக் கந்தோரிலை என்ன சொல்லினம்? வாற வெள்ளிக்கிழமைக்கிடையிலை ஒன்பது கையெழுத்து வேணும். எட்டெண்டால் மைதானம் வேறை ஆக்களுக்கு. அவ்வளவுதான். எங்கட கழகம் முடிஞ்சுது.

ஒவ்வொரு மாரிக் குளிருக்கும் சட்டையெல்லாம் அண்ணை வீட்டிலைதான். தையல் பாத்து ஏப்ரலிலை திருப்பித் தருவார். இந்த முறை அவர் தரேல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையிலை இருந்த மனுசன் எழும்பேல்லை. செத்தவீடெல்லாம் முடிய, அக்கா அலுமாரியைத் திறந்தா. பை இருந்தது. பத்துச் சட்டை. ரண்டு சட்டையிலை பேர் இல்லை.

அக்கா என்னட்டைச் சொன்னா: "தம்பி, அவர் அண்டைக்கு நான் குடுத்த தேத்தண்ணிக்கு மெர்சி எண்டவர். நாப்பத்தாறு வருசத்திலை ஒரு நாள் சொன்னதில்லை."

ஆக, ஒண்டு அவற்ற சட்டை. தன்ர பேரைத் தானே பிரிச்சு வைச்சிட்டுப் போயிருக்கிறார். மற்றது ஆரின்ட?

அக்கா வேறை ஒண்டையும் பாக்காமல் பையைக் கட்டி என்னட்டைத் தந்திட்டு, இதை றோசலினுக்கு மட்டும்தான் சொன்னவ. றோசலின் ரகசியமா ஒருத்தருக்கு மட்டும்தான் சொன்னவ. பொழுதுபடமுதல் கதை தலைவர் இருக்கிற சென்ட்-ஆன் வரைக்கும் போயிட்டுது. பை என்ர வீட்டிலை எண்டு தெரிஞ்சதும் என்ர தொலைபேசிக்கு ஓய்வில்லை. எங்கட தலைவர் எடுத்தார். "அருளம்பலம் சார், எனக்காகக் கேக்கல. இருந்தாலும் என் நம்பர் இல்லைன்னு மட்டும் சொல்லிடுங்க சார். காலைலேர்ந்து மூணு வாட்டி பிரஷர் பார்த்துட்டேன்." நான் சொன்னன்: "ஐயா, நாலாந்தரமும் பாருங்கோ." அது பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

இந்தா, திறக்கிறன்.

பேர் இல்லாட்டிலும் இலக்கம் இருக்குத்தானே? இது அண்ணையின்ட, மூண்டு. இது மற்றது.

பதினேழு.

இப்ப மூச்சு விடுங்கோ, எட்டுப் பேரும். பதினேழு நான்தான்.

உங்களுக்குச் சொல்லாத ஒண்டு இருக்கு. மாசி மாசம் நான் வீட்டுக்காரனுக்குக் கடிதம் குடுத்தனான், ஜூலை முதலாந் தேதி வீட்டை விடுறன் எண்டு. என்ர மகள் சாம்பவி ரொறன்ரோவிலை அறை ஒதுக்கி வைச்சிருந்தாள். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அண்ணைக்கும் சொல்லேல்லை. கோழை! சொல்லாமல் கழருவம் எண்டு நினைச்ச கோழை!

ஒரு நாள் எங்கட கட்டடத்து லிஃப்டிலை ரண்டு பேரும் வாறம். எப்பவும் நான் இடிச்சுக்கொண்டு முதல்லை இறங்குவன், அவர் ஏசுவார். அண்டைக்கு நான் கதவைப் பிடிச்சுக்கொண்டு, "நீங்கள் இறங்குங்கோ அண்ணை" எண்டன்.

அவர் இறங்கேல்லை. என்ர முகத்தையே பாத்தார். "அருளம்பலம், நீர் என்னைப் பகிடி பண்ணி ரண்டு கிழமையாச்சு. உமக்கு ஒண்டும் இல்லையே?"

"ஒண்டுமில்லை அண்ணை."

கதவு மூடிட்டுது. ரண்டு பேரும் திரும்ப மேலை போனம். அதுக்குப் பிறகுதான் பிளேட்டை எடுத்திருக்கிறார்.

இந்தச் சட்டையைப் பாத்த அண்டைக்கே வீட்டுக்காரனிட்டைப் போய்க் கடிதத்தைத் திருப்பி வாங்கினன். மகளுக்கு எடுத்தன். "அப்பா, உங்களுக்கு விசரே? அறைக்குப் பெயின்ற்றும் அடிச்சாச்சு!" எண்டு கத்தினாள். "ஒன்பதாவது ஆள் நான், பிள்ளை. நான் இல்லாட்டில் எட்டு" எண்டன். சந்தோசமாத்தான் வந்து கதிரையிலை இருந்தன். அண்ணையை ஏமாத்திப்போட்டன், முதல் தரம் அவற்ற கணக்குப் பிழைச்சிட்டுது எண்டு.

அப்பதான் யோசினை வந்தது.

அவர் ஒரு நாளும் பிழைச்சதில்லை. எங்கை எண்டும் சொன்னதில்லை. ரொறன்ரோவுக்கு நான் போகேல்லை எண்டால்... மிச்சம் எந்த இடம் இருக்கு?

ஏன் எல்லாரும் பேசாமல் இருக்கிறியள்? தலைவர் ஐயா, என்ன இது? ஏன் திடீரெண்டு எனக்குத் தண்ணி ஊத்துறியள்? இருபது வருசத்திலை எனக்கு ஒரு சொட்டு ஊத்தினதில்லையே! வேண்டாம், வையுங்கோ! றோசலின், அஞ்சு நிமிசம் எப்பவோ முடிஞ்சுது. ஏன் மணி அடிக்கேல்லை? ஜெராட் கூடத் தலையாட்டுறதை நிப்பாட்டிட்டார்! எனக்கு இந்த மரியாதை வேண்டாம். ஏசுங்கோ! இறங்கடா கிழவா எண்டு ஆராவது ஒராள் கத்துங்கோ!

ஆ, அடிச்சிட்டா. அப்பாடா. வாழ்க றோசலின்!

பெரியோர்களே, அண்ணை விட்டுப்போன பணியை நாங்கள் தொடருவம். இந்தச் சபையிலை உறுதி சொல்லுறன். இனிமேல் சட்டை தைக்கிறது நான். போறவன்ட பேரை உறையிலை போட்டுக் குடுக்கிறதும் நான். ஆனா ஆர் போவினம் எண்டு முன்கூட்டிப் பாக்கமாட்டன். அந்தக் கண் எனக்கு வேண்டாம்.

இந்தா, பூங்காக் கந்தோர்ப் பேப்பர். எட்டுக் கையெழுத்து இருக்கு. ஒன்பதாவதை இப்ப, உங்களுக்கு முன்னாலை போடுறன். போட்டாச்சு.

சிவமலர் அக்கா, இது அவற்ற எழுத்து வைச்ச உறை. தன்ர பேரைத் தானே போட்டு ஒட்டி வைச்சிருந்தவர். கையிலை குடுக்கத்தான் ஆள் இல்லை. இந்தாங்கோ. நீங்கள் வைச்சிருங்கோ.

மற்ற உறையும் பைக்குள்ளை இருந்தது, என்ர பேர் எழுதி. அதைத் திறந்து, எழுத்தெல்லாத்தையும் நேற்று இந்தச் சட்டையிலை நானே திருப்பித் தைச்சிட்டன். பாருங்கோ, கோணல். "ள" பாதி வழியிலை சரிஞ்சு கிடக்கு. அண்ணை பாத்தால் ரத்தக் கண்ணீர் விடுவார். ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் இருபது முடிச்சுப் போட்டிருக்கிறன்.

அண்ணை! எங்கை இருந்தாலும் கேளுங்கோ. பிளேட்டோட வருவியள் எண்டு தெரியும். வாங்கோ. வந்து பிரிச்சுப் பாருங்கோ, உங்கட வண்டவாளம் தெரியும்!

இப்பிடிக் கூட்டங்களிலை கதைச்சு முடிக்கேக்க எல்லாரும் ஒரு சொல் சொல்லிப்போட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவினம். என்ன சொல் எண்டு உங்களுக்குத் தெரியும். தமிழிலையும் சொல்லமாட்டன், பிரெஞ்சிலையும் சொல்லமாட்டன்.

வணக்கம். தள்ளுங்கோ ஐயா, நான்தான் முதல்லை இறங்குவன்.