ராடெக் எழுதாத பக்கங்கள்

பழைய கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு பொழுதைப் போக்குகிறவர்கள் பெரும்பாலும் சாதுவான ஆட்கள், மேடம். குடி, கூச்சல் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈயம் உருகும் வாசனையோடு மேசைமுன் உட்கார்ந்திருப்போம். மற்றவர்களுடைய மனைவிமார் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அதற்கும் ஆள் இல்லை.

என்னை நீங்கள் இந்த விசாரணைக்குச் சாட்சியாகத்தான் அழைத்தீர்கள். அந்தப் பக்கங்கள் ராடெக்கின் டிஸ்கிலிருந்து வந்தவைதான் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றீர்கள். அதற்குத்தான் வந்தேன். பேனாவை எடுத்த பிறகு கை ஓடவில்லை. வாயால் சொல்லிவிடுகிறேன்.

சென்ற நவம்பரில், கல்லறைகளில் விளக்கேற்றும் திருநாள் முடிந்த வாரம், கெனோவெபா அம்மா என் வீட்டுக்கு வந்தார். ராடெக் அவருக்கு ஒரே பிள்ளை; என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். பதினாலு வயதில் செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் களிமண் குட்டையில், பனிக்கட்டி உடைந்து மூழ்கிப் போனான். ஆப்பிள் பெட்டி ஒன்றில் அவனுடைய அட்டாரி கம்ப்யூட்டரும் டிரைவும் டிஸ்குகளும் இருந்தன. முப்பது வருஷம் அலமாரியின்மேல் வைத்திருந்தாராம்.

"பொகுஷ், செத்த மெஷினையெல்லாம் நீ எழுப்பிடுறியாமே. என் புள்ள இதுல தட்டிக்கிட்டே இருப்பான். அது உள்ள இன்னும் இருக்குமா?"

"இருக்கலாம்மா. பாக்குறேன்."

"டிவியில காட்டாத. எனக்குக் கண்ணு கூசும். பேப்பர்ல குடு. பேப்பர்னா மடியில வச்சுக்கலாம்ல."

ராடெக்கிடம் பிரிண்டர் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யாரிடமும் கிடையாது. அட்டாரியே அவனுடைய மாமா மேற்கு ஜெர்மனியிலிருந்து காரில் கொண்டுவந்தது. ஆனால் இப்போது அந்தக் காலத்துப் பிரிண்டர் வேண்டியதில்லை. பழைய கம்ப்யூட்டரை ஒரு கேபிளால் மடிக்கணினியோடு இணைத்தால் போதும். மடிக்கணினியில் ஒரு மென்பொருள், தன்னை அந்தக் காலத்துப் பிரிண்டர் என்று அட்டாரியிடம் சொல்லிக்கொள்ளும். அட்டாரி அதை அப்படியே நம்பும். ஊசிகள் நாடாவில் குத்திக் குத்தி எழுதியதுபோல் புள்ளிப் புள்ளியாக எழுத்துகள் வரும்; அதை இன்றைய பிரிண்டரில் தாளில் எடுத்துக்கொள்ளலாம். நாடா எவ்வளவு வெளுத்திருக்க வேண்டும் என்றுகூட நாம் சொல்லலாம். நான் பாதி வெளுத்தது என்று வைத்தேன். பொய் சொல்ல அல்ல, அழகாக இருந்ததால்.

டிஸ்குகளில் இருந்தது என்ன என்பதை உள்ளபடி சொல்கிறேன். விளையாட்டுகள். பாதியில் விட்ட ஒரு புரோகிராம். நாரைகளைப் பற்றிப் பள்ளிக்கு எழுதிய ஒரு கட்டுரை. அவ்வளவுதான். அந்தக் கட்டுரையை அச்சிட்டுக் கொடுத்தேன். கெனோவெபா அம்மா ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்தார். நாரை என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருந்தது. அதைப் பார்த்ததும் சிரித்து, சிரிப்பிலிருந்தே அழுகைக்குப் போய்விட்டார். எனக்கும் கண் கலங்கியது. அது நல்ல காரியம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இரெக்கைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்தது மட்டும்தான். சந்தைத் தெருவில் பேக்கரி வைத்திருக்கிறான். அன்று ராடெக்கோடு குட்டைக்குப் போனவன். பனிக்கட்டி உடைந்ததும் ஏணி எடுத்துவரச் சூளைக்கு ஓடினான். திரும்பி வருவதற்குள் ராடெக் போய்விட்டான். 'அவனத் தனியா விட்டுட்டு ஏன்டா ஓடுன?' என்று எல்லாரும் கேட்டார்கள். அவன் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. பெரியவனானதும் கெனோவெபா அம்மாவின் நிலவறைக்கு நிலக்கரி இறக்கினான், குழாய் பழுது பார்த்தான், கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை அவர் தனியாகச் சாப்பிடக்கூடாது என்று தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். 'பெத்தா மட்டும்தான் புள்ளையா' என்று அந்த அம்மா தேவாலய வாசலில் எல்லார் காதிலும் விழும்படி சொல்வார்.

ஜனவரியில் இரெக் கக்கத்தில் ஒரு ரொட்டியோடு என் வீட்டுக்கு வந்தான்.

"டேய், அந்தம்மா இந்த வருஷமும் கேட்டுட்டாங்கடா. 'எம்புள்ள கடைசியில தனியாவா இருந்தான்'னு. என்னால முடியல. நான் சொல்லிடப் போறேன்."

"என்னன்னு?"

"நீ அங்க இருந்தன்னு."

நான் ரொட்டியை வாங்கி மேசைமேல் வைத்தேன். அவனே தொடர்ந்தான்.

"உன்ன மாட்டிவிட இல்லடா மடையா. அவன் உன் கையப் புடிச்சுக்கிட்டுதான் போனான்னு தெரிஞ்சா, அவங்க நிம்மதியாக் கண்ண மூடுவாங்க. கை நழுவுனது உன் தப்பா? சின்னப் பசங்கடா நாம. வர்ற ஈஸ்டர் நோன்புக்குள்ள சொல்லிடுவோம். நீயும் கூட வா."

ஆம் மேடம், நாங்கள் மூன்று பேர். இரெக் ஏணிக்கு ஓடியபோது ராடெக்கின் பக்கத்தில் இருந்தது நான். அவன் திரும்பியபோது நான் அங்கே இல்லை, வீட்டுக்கு ஓடிவிட்டிருந்தேன். என் அப்பா அப்போது போலீஸ்காரர், தொட்டதற்கெல்லாம் அடிப்பவர். மறுநாள் பள்ளியில் கோட்டு மாட்டும் அறையில், கை நழுவிவிட்டது, நான் அங்கே இருந்ததை யாரிடமும் சொல்லாதே என்று இரெக்கின் காலைப் பிடித்தேன். 'சரிடா, நான் சொல்லல' என்றான். அதோடு சரி. முப்பது வருஷம் ஊர்ப்பழியைத் தன் தலையில் சுமந்தான். ஒருமுறைகூட எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை. அன்றைக்கு அவன் என்னை மிரட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கம் இருக்காது. ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.

நான் யோசித்தேன். இரெக் சொன்னால் அந்த அம்மா என்னிடம் வருவார். பக்கத்தில் உட்காருவார். பிறகு என்ன நடந்தது என்று கேட்பார். அந்தக் கேள்வி வரக்கூடாது. இரெக்கை நிறுத்த முடியாது. ஆனால் இரெக் சொல்வதை அவர் நம்பாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. அவ்வளவு சிறிய காரியம்தான் எனக்குத் தேவைப்பட்டது.

ராடெக்கின் டிஸ்கில் இடம் மிச்சமிருந்தது. அவனுடைய அட்டாரியிலேயே உட்கார்ந்து தட்டினேன். நாட்குறிப்புபோல. அவன் எந்தச் சொற்களைத் தப்பாக எழுதுவானோ அவற்றைத் தப்பாகவே எழுதினேன். அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நான், எனக்குத் தெரியும். முதல் பக்கங்களில் ஒன்றுமில்லை. பனிச்சறுக்கு, கணக்கு வாத்தியார், அம்மா செய்த பீட்ரூட் சூப். மூன்றாவது பக்கத்தில் இரெக் அவனுடைய கம்ப்யூட்டரைக் கேட்கிறான். அதற்கடுத்ததில் மிரட்டுகிறான். கடைசியில் இப்படி வைத்தேன்: 'நாளைக்குக் குட்டைக்கு வரச் சொல்கிறான். வராவிட்டால் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.' ஓரத்தில் துளை போட்ட தொடர்தாள் ஒரு கட்டு ஏலத்தில் கிடைத்தது, மஞ்சளடித்துப்போயிருந்தது. அதில் அடித்து எடுத்துப் பார்த்தபோது நானே ஒரு கணம் நம்பிவிட்டேன். பாவம் ராடெக் என்று நினைத்தேன்.

டிஸ்கில் இன்னும் கொஞ்சம் கிடைத்தது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கெனோவெபா அம்மா அழவில்லை. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "என்கூட வா" என்றார்.

நான் நாளைப் பார்த்துச் செய்யவில்லை. அது நோன்பு தொடங்குமுன் ஊரே வயிறுமுட்டப் பலகாரம் தின்னும் கொழுப்பு வியாழன். இரெக்கின் கடையில் ஜாம் போண்டாவுக்கு வரிசை தெருமுனை வரை நின்றது. எண்பதைத் தொட்ட கிழவி என்று எல்லாரும் வழிவிட்டார்கள். பின்னால் நான் போனேன்.

"வாங்கம்மா! உங்களுக்கு ரோஜா ஜாம் வச்சது எடுத்து வச்சிருக்கேன்," என்றான் இரெக், கையெல்லாம் சர்க்கரை.

அவர் தாள்களைக் கல்லாமேல் வைத்தார். "படி. சத்தமாப் படி."

அவன் சத்தமாகப் படிக்கவில்லை. படித்து முடித்து, தலையைத் தூக்கி, அவரைத் தாண்டி என்னைப் பார்த்தான். நான் அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா... ராடெக்கிட்ட பிரிண்டரே கிடையாதேம்மா."

"அடிச்சது இப்பப்பா. எழுதுனது அவன். என் சோத்தத் தின்னுட்டு, என் கையால தின்னுட்டு... இத்தன வருஷம் எப்படிடா என் மூஞ்சியப் பாத்த?"

இரெக் வாயைத் திறந்தான். இதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். ஆனால் அந்த நேரத்தில் அவன் எதைச் சொன்னாலும் தப்பிக்கச் சொல்வதாகத்தான் இருக்கும் என்று அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"பொகுஷ், நீ சொல்லேன்டா," என்றான்.

"டிஸ்க்ல என்ன இருந்துச்சோ அதத்தான் நான் அடிச்சேன்," என்றேன். பொய்யில்லை, டிஸ்கில் அதுதான் இருந்தது.

வரிசையில் நின்ற மரியோலா, தபால் நிலையத்தில் இருக்கிறவர், முதலில் வெளியேறினார். பிறகு ஒவ்வொருவராக. கடை காலியாகும்வரை இரெக் அந்தப் போண்டாக்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. அந்த அம்மா உங்களிடம் வந்தார். நீங்கள் அவனைத் திரும்பத் திரும்ப அழைத்தீர்கள். ஊரில் அவன் ரொட்டியை வாங்க ஆளில்லை. அவன் ஏன் என் பெயரை உங்களிடம் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒருவேளை கொடுத்த வாக்கு என்று நினைத்திருப்பான். கோடையில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. கேட்பதெல்லாம் புரிகிறது என்கிறார் டாக்டர். அந்தச் செய்தி வந்ததும் எனக்கு முதலில் ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம் அவனைப் பார்க்கப் போனேன். போகாவிட்டால் நன்றாயிருக்காது என்று போனேன். அவன் மனைவி போஜெனா கரண்டியால் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க, பாருங்க. உங்க ஊரே சேந்து செஞ்ச வேலைய," என்று எழுந்து உள்ளே போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரெக் இடது கையை நீட்டி என் கையைப் பிடித்தான். கோபமாக இல்லை. சும்மா பிடித்தான், விடவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என்னிடம் கேட்க நினைத்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா கேட்காமல் இருப்பதற்காக நான் இவ்வளவும் செய்தேனே, அதே கேள்வி.

நான் என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டேன். அது எனக்குப் பழக்கப்பட்ட வேலை என்று அப்போதுதான் உறைத்தது. அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்க வேண்டும். நீங்கள் அழைக்கும்வரை இருந்துவிட்டேன்.

கை நழுவவில்லை, மேடம். இரெக்கிடம் நான் சொன்னது பொய். நான் பனிமேல் குப்புறப் படுத்திருந்தேன். ராடெக் இரண்டு கையாலும் என் வலது கையைப் பிடித்திருந்தான். நல்ல பிடி. இரெக் ஏணியோடு சூளைச் சரிவில் இறங்குவது எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருந்தால் போதும். என் நெஞ்சுக்குக் கீழே பனிக்கட்டி மெதுவாகக் கீறல் விட்டது. ராடெக், 'விட்றாத' என்றான். நான் கையுறைக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா இன்னொரு கையுறை எங்கே என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். அவர் திட்டவில்லை. சாம்பல் நிறக் கம்பளி நூலில் புதிதாக ஒரு ஜோடி பின்னிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் ராடெக்கின் அடக்கத்துக்குப் போனேன்.