அத்தைக்கு ஆன் ஆகாத லேப்டாப்

லேப்டாப் திரையை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, தம்பி. மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி போதும். விசைகளுக்கு நடுவே சேரும் தூசிக்கு ஒரு புதுப் பிரஷ். உங்கள் அண்ணன் அதை வாங்கிய நாளிலிருந்து நான்தான் துடைத்து வந்தேன். அவர் போன பிறகும் விடவில்லை. அதனால்தான் நேற்று நீங்கள் அதை உங்கள் அறைக்கு எடுத்துப் போய்ச் சுவரில் செருகியதும் மறுபேச்சில்லாமல் ஆன் ஆனது.

"அம்மா சாகற வரைக்கும் ஓடாத லேப்டாப் இப்ப மட்டும் எப்படி அண்ணி ஓடுது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் படித்தவரிடம் சாக்குப்போக்கு செல்லாது. சொல்லிவிடுகிறேன்.

முதலில் அது உண்மையாகவே ரிப்பேர்தான். பட்டனை அழுத்தினால் சின்ன விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் கருப்பாகவே இருக்கும். பேட்டரி எப்போதோ செத்துப் போயிருந்தது. சார்ஜர் வயர் இருந்தால்தான் அதற்கு உயிர். அத்தைக்கு அதைத் தொடவே பயம். ஆனால் அதை ஓட வைக்கச் சொல்லி என் பின்னாலேயே சுற்றினார்.

"அதுல அவன் உனக்குன்னு பேசி வச்சிருக்கான்மா. எப்படியாவது ஓட வச்சிரு."

கடைக்குக் கொடுக்கலாமா என்றும் ஒருநாள் கேட்டார். "கடையில உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சிட்டுத்தான் அத்தை குடுப்பாங்க" என்றேன். அதோடு கடைப் பேச்சை விட்டுவிட்டார்.

நானாகத்தான் கற்றுக்கொண்டேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பட்டனை வெகுநேரம் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். அடிமூடியைக் கழற்றி ஃபேனில் அடைந்திருந்த தூசியை எடுத்தேன். கடைசியில் மெமரி அட்டையை உருவி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். திரையில் வெளிச்சம் வந்தது. பிறகு உங்கள் அண்ணன் சிரிக்கிற படம் வந்தது. அத்தை அப்போது குளித்துக்கொண்டிருந்தார். கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். கூப்பிடவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உங்கள் அண்ணன் எனக்காகப் பேசி வைத்திருந்த வீடியோவைத் தேடியெடுத்து, முழுதாகப் பார்த்துவிட்டு அணைத்தேன்.

ஈரத்தலையோடு வந்த அத்தை, "ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல அத்தை" என்றேன்.

நீங்கள் தூரத்தில் இருந்தீர்கள். இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. உங்கள் அண்ணன் கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு பாஸ். கழுத்தில் மாட்டிக்கொள்கிற அட்டை. அது இருக்கிறவர்தான் வார்டுக்குள் போகலாம். அத்தை அதைக் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை. "நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வா, பெத்தவ நான் இருக்கேன்ல" என்பார். குளித்துவிட்டு வந்து நின்றால், "இப்பத்தான் கண்ணசந்தான், எழுப்ப வேண்டாம்" என்பார். கெஞ்சினேன். காலில் விழாத குறைதான். வார்டுக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி இருந்தது. அதில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றால் போர்வை தெரியும், சில நேரம் அவர் முகமும் தெரியும். நர்ஸ் பார்த்துவிட்டால் திரைச்சீலையை இழுத்து விடுவார்.

அவர் போனபோது நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அத்தைதான் வந்து சொன்னார். அவர் அழுத முகத்தை நான் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைத்தான் பார்த்தேன். அன்றைக்கு எரிந்த வயிறு, தம்பி, இன்னும் ஆறவில்லை.

பிறகு ஒருநாள், லேப்டாப் ஓடாமல் கிடந்தபோதே, அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உன்னை உள்ள விட வேண்டாம்னு அவன்தாம்மா சொன்னான். சத்தியமா. லேப்டாப்ல அதைத்தான் பேசி வச்சிருக்கான், நீயே பாரு." செத்துப்போன பிள்ளையின் தலையிலேயே பழியைப் போடுகிறாரே என்று நினைத்தேன். கையை விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். நான் நம்பாததுதான் அவரை வாட்டியது. பிள்ளை முகத்தைப் பார்க்கிற ஆசை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட, என் வாயிலிருந்து "நம்பறேன் அத்தை" என்று ஒரு வார்த்தை வர வேண்டும் என்றுதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதனால், லேப்டாப் சரியானதும், சார்ஜரைச் சுவரில் செருகாமல், நீள வயர் வைத்த பிளக் பெட்டியில் செருகினேன். பெட்டியை மேஜைக்கு அடியில், என் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். சுவிட்ச் கால் கட்டைவிரலுக்கு வாகாக இருந்தது.

தினமும் சாயங்காலம் அத்தை தலைவாரி, வேறு புடவை உடுத்திக்கொண்டு வந்து உட்காருவார். பிள்ளை எதிரே வந்து உட்காரப் போகிற மாதிரி. படம் வரும். வீடியோவைத் தொடங்குவேன். உங்கள் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க பாரு, அம்மா மேல..." என்பார். கட்டைவிரலை அழுத்துவேன். திரை கருப்பாகிவிடும்.

"ஐயோ, சொல்ல வந்தானே."

"சூடாயிடுச்சு அத்தை. நாளைக்குப் பாக்கலாம்."

சில நாள் படம் வந்ததுமே அணைப்பேன். சில நாள் ஒரு சொல் கூடுதலாக விடுவேன். அன்றைக்கெல்லாம் சாப்பிடும்போது, "இன்னைக்குக் கொஞ்சம் அதிகமா பேசினான், இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். ஆமாம் என்பேன். அவர் கை திரையைத் தொட நீளும் வரைக்கும் காத்திருப்பேன். தொட விட்டதில்லை. கண்ணாடிக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டுமே. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"லீவு போட்டுட்டு வந்து நான் பாக்கட்டுமா அண்ணி?" என்று நீங்கள் போனில் கேட்டீர்கள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன். ஒரு வேளை மருந்து தவறியதில்லை, ஒரு வேளை சாப்பாடு பிந்தியதில்லை. என் மருமகளின் பொறுமை யாருக்கும் வராது என்று அத்தை ஊரெல்லாம் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்.

டாக்டர் கையை விரித்து, அத்தை படுத்த படுக்கையான பிறகு லேப்டாப்பைக் கட்டில் ஓரத்துக்கே கொண்டுவந்தேன். பிளக் பெட்டியும் கூடவே வந்தது.

"இன்னைக்காவது முழுசா ஓடுமாம்மா?"

"பாக்கலாம் அத்தை."

ஓட விட்டேன். "இங்க பாரு, அம்மா மேல கோவப்படாதே. நான்தான்..." என்று உங்கள் அண்ணன் சொல்லும்போது அத்தை திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அணைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் புறங்கையைத் தடவிக் கொடுத்தார். "பரவாயில்லம்மா. நீயும் எவ்வளவுதான் பாடுபடுவே" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மீதியை நேற்று நீங்கள் கேட்டீர்கள். "நான்தான் உன்னை உள்ள விட வேண்டாம்னு சொன்னேன். நான் கிடக்கப் போற கோலத்துல உன் முகத்தைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அம்மா பாவம், அவங்களுக்கு அந்தப் பழி வேண்டாம்." நான் இதை அத்தை குளித்துக்கொண்டிருந்த அன்றைக்கே கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகும் அத்தை தூங்கும்போதெல்லாம் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறேன். குரல் உங்கள் அண்ணனுடையது மாதிரிதான் இருக்கும். ஆனால் என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லக்கூடியவரா அவர்? பழைய லேப்டாப், தம்பி. அதில் பேச்சு சரியாகக் கேட்காது.