சந்தா கட்டிப் படித்த கதை

சேராதீங்கக்கா! மாசச் சந்தா கட்டி போன்ல புத்தகம் படிக்கிற வேலையே வேண்டாம்... தலைய ஆட்டாதீங்க, சடை கோணிக்கும். இந்தக் குமாசி ஊர்ல நான் பின்னாத தலை கிடையாது. ஆனா அந்தச் சந்தாக்காரன் எனக்கே மொட்டை அடிச்சிட்டான்!

புத்தகமெல்லாம் நல்லாத்தான் இருக்கும். இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிடும். சந்தைல பழைய புத்தகம் ஒண்ணு வாங்குற காசுல மாசம் பூரா படிக்கலாம். காதல் கதை, பேய்க்கதை, எது வேணாலும். நான் ஒரு கொலைக் கதை எடுத்தேன். தலைநகர் அக்ராவுல பெரிய வீடு, சாப்பாட்டு மேசைலயே ஆள் செத்துக் கெடக்கான். ஃபூஃபூக் களில விஷம்! யாரு வச்சான்னு கடைசி அத்தியாயம் வருது... புத்தகத்தைக் காணோம்! போன்லேந்து அப்படியே மாயம். திரும்ப எடுத்தேன். ரெண்டு பக்கம் தாண்டல, மறுபடி காணோம்!

விடுவேனா? கம்பெனிக்குப் போன் போட்டு கிழிச்சிட்டேன். அந்தப் பொண்ணு பதமா சொல்றா: "மேடம், ஒரு நேரத்துல பத்துப் புத்தகம்தான் வச்சுக்கலாம். இன்னொண்ணு வேணும்னா ஒண்ணைத் திருப்பிடணும். உங்க கணக்கை நிறைய போன்ல திறந்திருக்காங்க. அவங்கதான் திருப்புறாங்க."

யாரு போன்லயா? ம்... எங்க சபைப் பாட்டுக்குழுதான். பாஸ்வேர்டைத் திருடலக்கா. நான்தான்... "எவ்வளவு படிக்கிறேன் பாருங்கடி"ன்னு பீத்திக்கப் போயி... குழுவுல டூஃபி கேட்டா, குடுத்தேன். அவளுக்கு மட்டும் குடுத்தா செர்வா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. செர்வாவுக்குக் குடுத்தா அவ தங்கச்சி... இப்ப பாட்டுப் புத்தகத்துக்குள்ள போனை வச்சுக்கிட்டு ஒருத்தியும் குனிஞ்ச தலை நிமிர்றதில்ல. பாஸ்டர் வேற, "ஆகா, என்ன பக்தி!"ன்னு கண்ணு கலங்குறாரு!

போன வாரம் டூஃபி பாஸ்வேர்டையே மாத்திட்டா. அவ படிக்கிறதை நான் அடிக்கடி பிடுங்குறேனாம்! காசு என்னுது, கதவுக்கு வெளிய நிக்கிறதும் நான்! சந்தாவை நிறுத்தலாம்தான்... நிறுத்திட்டு ஞாயித்துக்கிழமை அவளுங்க முன்னாடி போய் நிக்க முடியுமா? கண்ணாலயே எரிச்சிடுவாளுங்க.

அதான் சொல்றேன், சேராதீ... என்ன? எங்க சபைக்கு வர்றீங்களா? தாராளமா வாங்க. ஆங்? பாட்டுக்குழுவுலயா! அக்கா, உங்களுக்குப் பாட வராதே...

என்னது? "அங்க இப்ப யாரு பாடுறா"ங்கறீங்களா?

அட என் தாயே!